தம்புவின் அம்மாவுக்கு நடந்த கல்யாணம்

ஜிம்பாப்வே எழுத்தாளர் சிட்ஸி டங்கரெம்ப்காவின் ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ நாவலில் பாதி கடந்த பிறகு ஒரு கல்யாணம் வருகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் பல வருடங்களாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். பிள்ளைகள் பெற்றவர்கள், மூத்த மகனைப் பறிகொடுத்தவர்கள். அவர்களைக் கூட்டிப்போய் தேவாலயத்தில் நிறுத்தி, பெண்ணுக்கு வெள்ளை கவுன் மாட்டிவிட்டு, ஊரைக் கூட்டி முறைப்படி மணம் முடித்து வைக்க வேண்டும் என்று குடும்பத் தலைவர் முடிவு செய்கிறார். அவர் மாப்பிள்ளையின் அண்ணன். அவர்களுடைய ஷோனா இனத்து முறைப்படி கதை சொல்லும் பெண் அவரைப் பாபாமுகுரு என்று கூப்பிடுகிறாள், நம் பெரியப்பா முறை.

இந்தக் கல்யாணம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் அடுத்தடுத்துக் கெட்டது நடக்கிறது. குடும்பம் கூடிப் பேசுகிறது. தம்பி ஜெரமாயா, சாமியாடியை அழைத்து, பீர் காய்ச்சி, மாடு வெட்டி, தீட்டுக் கழித்துவிடலாம் என்கிறான். ஷோனா மக்களின் பழைய வழக்கம் அது. பாபாமுகுரு பதறிப்போகிறார். அவர் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர், இங்கிலாந்தில் படித்து வந்தவர், கிறிஸ்தவர். சாமியாடி என்ற பேச்சே அவருக்குப் பாவம். உண்மையான குறை வேறு, நீ உன் மனைவியைக் கடவுள் முன்னிலையில் மணக்கவே இல்லை, அதனால்தான் இத்தனை கஷ்டமும் என்கிறார். ஆக, தீட்டுக் கழிக்கும் சடங்கு நடக்க வேண்டிய இடத்தில் சர்ச் கல்யாணம் வந்து உட்காருகிறது. கல்யாணப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தம்பதியின் மகள்தான் கதை சொல்கிறவள். பெயர் தம்புட்ஸாய், சுருக்கமாக தம்பு. பெரியப்பா வீட்டில் தங்கி, பெரியப்பா பணத்தில் படிக்கிறவள். அம்மா அப்பாவுக்கு இப்போது கல்யாணம் என்றால் இத்தனை நாள் அவர்கள் வாழ்ந்தது என்ன வாழ்க்கை, தான் யார் என்ற கேள்வி அவளைக் குடைகிறது. அதை வாய்விட்டுக் கேட்கும் தைரியம் இல்லை. கல்யாண நாள் காலையில் அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நோய் இல்லை, நடிப்பும் இல்லை, உடம்பு அசைய மறுக்கிறது. பெரியப்பா வந்து மிரட்டுகிறார். கடைசியில் அவள் வாய் திறந்து, நான் வர விரும்பவில்லை என்கிறாள். தண்டனையாகச் சவுக்கடி கிடைக்கிறது. வேலைக்காரப் பெண்ணை லீவில் அனுப்பிவிட்டு அவளுடைய வேலையையெல்லாம் 2 வாரம் தம்புவைச் செய்ய வைக்கிறார்கள்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியைத்தான் சொல்வார்கள். அண்ணன் இறந்ததற்கு வருத்தப்படவில்லை என்று தம்பு அறிவிக்கும் வரி அது. பிரமாதமான தொடக்கம்தான். எனக்கு மட்டும் இந்தக் கல்யாணம்தான் நாவலின் மையமாகப் படுகிறது, பின்காலனிய ஆப்பிரிக்கப் பெண்கள் எழுதிய எத்தனையோ நாவல்களுக்குள் போக வழியும் இதில் இருக்கிறது. ஒரு கலாச்சாரத்தில் எது இருக்கலாம், எது போகலாம், எதன் இடத்தில் எது வரலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் யாருக்கு நாற்காலி இருக்கிறது என்பதே இந்த எழுத்தாளர்கள் விடாமல் கேட்கும் கேள்வி.

இதைச் சொல்லக் காரணம் ஒரு தோழி. நான் கொடுத்துத்தான் இந்த நாவலைப் படித்தாள். முடித்துவிட்டு, “அப்போ இந்தப் பெண்களுக்கு அவங்க கலாச்சாரமே வேண்டாம், அப்படித்தானே?” என்று கேட்டாள். ஆப்பிரிக்கப் பெண்களின் நாவல்களை இப்படி வாசிக்கிறவர்கள் நிறைய. ஒரு பக்கம் மரபு, மறுபக்கம் மேற்கத்திய சுதந்திரம், நடுவில் ஒரு பெண், அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்பதுதான் கதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்த வாசிப்பில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அவளுக்கு அன்று சொல்ல நினைத்ததையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாபாமுகுருவையே எடுத்துக்கொள்வோம். அவர் மரபின் பிரதிநிதியா? குடும்பத்தில் அவர் அதிகாரம் மரபு தந்தது. மூத்த மகன், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் முன்னோர் சடங்கு அவருக்கு ஆகாது. சாப்பாட்டு மேஜை, கார், ஆங்கிலம், சர்ச் எல்லாம் புதுசு. அவர் மிஷனுக்குப் போன கதையை தம்புவுக்குச் சொல்வது பாட்டி. வயலில் இருவரும் வேலை செய்துகொண்டே பேசுவார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாறு அது. வெள்ளைக்காரர்கள் வந்து நல்ல நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டதும், பாட்டி தன் 9 வயது மகனைக் கோவணத்தோடு மிஷனுக்கு நடத்திக்கொண்டு போய், இவனை இந்தப் புது உலகத்துக்குத் தயார்ப்படுத்துங்கள் என்று கேட்டதும் அதில் வருகிறது. பாபாமுகுரு படித்த ஆள் ஆனதற்கு ஒரு கிழவியின் கணக்கு காரணம். வெள்ளையனின் படிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள் அவள். அந்தப் படிப்பு கைக்கு வந்த பிறகு முடிவு செய்யும் அதிகாரம் முழுவதையும் மகன் எடுத்துக்கொண்டார்.

இது நாவலுக்குள் மட்டும் நடந்த விஷயம் அல்ல. காலனி ஆட்சி ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ‘வழக்கச் சட்டம்’ என்ற ஒன்றை எழுத்தில் கொண்டுவந்தது. வழக்கம் என்ன என்று அதிகாரிகள் யாரைக் கேட்டார்கள்? தலைவர்களை, மூத்த ஆண்களை. பேச்சாக, பேரமாக, ஊருக்கு ஊர் மாறுவதாக இருந்தது தாளில் ஏறியதும் இறுகிவிட்டது. ரொடீஷியாவில், அதாவது வெள்ளையர் ஆண்ட பழைய ஜிம்பாப்வேயில், கறுப்பினப் பெண் எத்தனை வயதானாலும் சட்டத்தின் கண்ணில் மைனர். அப்பா, புருஷன், மகன் என்று யாராவது ஒருவர் அவளுக்குக் காப்பாளராக இருக்க வேண்டும். 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே சுதந்திரம் அடைந்து, 1982ல் வயது வந்தோர் சட்டம் வந்த பிறகுதான் 18 வயதான பெண்ணும் முழு மனுஷி ஆனாள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வெனியா மகாயா என்ற பெண்ணின் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். பிள்ளைகளில் மூத்தவள் அவள். தலைநகர் ஹராரேயில் இருந்த வீடு யாருக்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999ல் தீர்ப்பு, அவளுடைய மாற்றாந்தாய் மகனான தம்பிக்கு. வழக்கச் சட்டப்படி ஆண் வாரிசு இருக்கும்போது பெண் வாரிசாக முடியாது என்றார்கள். அப்படிச் சொன்னது சுதந்திர நாட்டின் நீதிமன்றம். காரணமாகக் காட்டப்பட்டது ஆப்பிரிக்கக் கலாச்சாரம். அந்தக் கலாச்சாரத்தின் பெயரில் இருந்த சட்டத்தின் வடிவமோ காலனி காலத்தில் கெட்டியானது. இந்தத் தீர்ப்பைப் படித்தால் டங்கரெம்ப்கா ஏன் அந்தக் கல்யாணத்தை எழுதினார் என்பது நன்றாகவே புரியும்.

நாவலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இன்னொரு இடம் உண்டு. கிராமத்து வீட்டில் குடும்பக் கூட்டம் நடக்கிறது. ஜெரமாயாவின் மைத்துனி லூசியா கர்ப்பமாக இருக்கிறாள், அவளை என்ன செய்வது என்று பேச்சு. ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள். அவர்களோடு சமமாக ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள், பாபாமுகுருவின் தங்கை, தம்புவுக்கு அத்தை. வீட்டில் பிறந்த பெண் என்பதால் அவளுக்கு அந்த இடம். கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு அடுப்படி. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த லூசியாவும் அடுப்படியில்தான் இருக்கிறாள். பொறுக்க முடியாமல் எழுந்து உள்ளே போய், தன்னைப் பற்றிப் புளுகிக்கொண்டிருந்தவனின் காதுகளைப் பிடித்துத் தூக்கி, என் முகத்தைப் பார்த்துச் சொல் என்கிறாள். வெளியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள்.

அதே அடுப்படியில் பாபாமுகுருவின் மனைவி மைகுருவும் இருக்கிறாள். இது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம், நான் இந்தக் குடும்பத்து ரத்தம் இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறாள். அவள் யார்? புருஷனைப் போலவே இங்கிலாந்தில் முதுகலை படித்தவள். இந்த விஷயம் தம்புவுக்குத் தெரியவே நாளாகிறது. பெரியப்பா படித்தவர் என்று ஊரே கொண்டாடும்போது பெரியம்மாவைப் பற்றி யாருமே சொல்லவில்லை. அங்கே பெரியப்பாவைக் கவனித்துக்கொள்ளப் போனதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சம்பாதிக்கிறாள், சம்பளம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. பண்டிகைக்குக் கிராமத்துக்குப் போனால் ஊர்ப்பட்ட சொந்தத்துக்கும் சமைப்பது அவள். இங்கிலாந்தில் இருந்தபோது, நிலைமை வேறாக இருந்திருந்தால் நான் என்னவாக ஆகியிருக்கலாம் என்று கொஞ்ச காலம் பார்த்தேன், ஆனால் குடும்பம் என்று ஒன்று இருந்ததே என்று தம்புவிடம் ஒருமுறை சொல்கிறாள். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

கிராமத்தில் பிறந்து, படிப்பும் சொத்தும் இல்லாத லூசியாவுக்கு இருக்கும் தைரியம் மைகுருவுக்கு இல்லை. மேற்கத்தியப் படிப்பு வந்தால் பெண்ணுக்கு விடுதலை வந்துவிடும் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. தம்புவை அடித்ததற்காக பாபாமுகுருவை நேருக்கு நேர் தட்டிக் கேட்பதும் லூசியாதான். அந்தச் சண்டையின் சூட்டில் மைகுருவும் ஒருநாள் வெடிக்கிறாள், வீட்டை விட்டுப் போகிறாள். மகள் நியாஷாவுக்கு அம்மாவை நினைத்து ஒரே பெருமை. 5 நாளில் பாபாமுகுரு காரில் போய் அழைத்து வந்துவிடுகிறார். அவள் போயிருந்தது தன் அண்ணன் வீட்டுக்கு. போவதற்கு வேறு இடம் அவளுக்கு இல்லை.

அப்படியானால் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்ததா? இங்கே நைஜீரியாவுக்குப் போக வேண்டும். இஃபி அமாடியூமி என்ற மானுடவியலாளர் 1987ல் ‘மேல் டாட்டர்ஸ், ஃபீமேல் ஹஸ்பண்ட்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். இக்போ இனத்தவர் வாழும் அவருடைய சொந்த ஊரான நோபியைப் பற்றியது. மகன் இல்லாத வீட்டில் மகளுக்கே மகனுடைய இடம் தரப்பட்டதையும், வசதியான பெண் இன்னொரு பெண்ணை மனைவியாகக் கொண்டு வீட்டுத் தலைமை ஏற்றதையும் அதில் விவரிக்கிறார். இக்போ பெண்களுக்குச் சொந்தமாகச் சங்கங்களும் சந்தைகளும் இருந்தன. ஒருவன் மனைவியை அடித்தாலோ சந்தை விதியை மீறினாலோ, ஊர்ப் பெண்கள் கூட்டமாக அவன் வீட்டு வாசலுக்குப் போய், பாட்டுப் பாடி ஏசி, உலக்கையால் சுவரை இடித்து, அவன் வழிக்கு வரும்வரை நகர மாட்டார்கள். 1929ல் கிழக்கு நைஜீரியாவில் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, பிரிட்டிஷார் நியமித்திருந்த தலைவர்களுக்கு எதிராகப் பெண்கள் இதையேதான் செய்தார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். சிப்பாய்கள் சுட்டதில் சுமார் 50 பெண்கள் செத்தார்கள். ஆங்கிலேயரின் ஆவணங்களில் இது கலவரம். இக்போ பெண்களுக்கு இது பெண்கள் நடத்திய போர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நைஜீரிய நாவலாசிரியர் புச்சி எமசெட்டாவைத் திறந்தால், பொற்காலக் கனவுக்கு அவர் துளியும் இடம் தரவில்லை என்பது தெரியும். ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ 1979ல் வந்தது. நாயகி நு எகோவின் பிறப்பிலேயே ஒரு கொலை இருக்கிறது. ஒரு பெரிய மனிதரின் மனைவி இறந்தபோது, மறுஉலகில் பணிவிடை செய்ய அவளுடைய அடிமைப் பெண்ணையும் சேர்த்துப் புதைக்கிறார்கள். அந்தப் பெண் கெஞ்சிக் கதறுகிறாள், அடித்துக் குழிக்குள் தள்ளுகிறார்கள். அவள்தான் நு எகோவின் ‘சி’ என்று நாவல் சொல்கிறது. இக்போ நம்பிக்கையில் சி என்பது ஒவ்வொருவருக்கும் உரிய தனித் தெய்வம். குழந்தைப் பாக்கியத்தை அந்த அடிமைப் பெண்ணிடம்தான் நு எகோ கேட்டுக் கேட்டு மன்றாட வேண்டியிருக்கிறது. பழைய கலாச்சாரம் யாருடைய உடம்பின் மேல் நின்றது என்பதை எமசெட்டா முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

கணவன் நைஃபெ லாகோஸில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சலவைக்காரன். துரைசானியின் உள்ளாடை வரை துவைக்கிறான். இபூஸா என்ற ஊரில் இருந்து வந்த நு எகோவுக்கு அது தாங்க முடியாத அவமானம், இவனும் ஓர் ஆம்பளையா என்று நினைக்கிறாள். அண்ணன் செத்ததும் அண்ணன் மனைவிகள் முறைப்படி தனக்கு என்று வரும்போது மட்டும் நைஃபெவுக்கு மரபு கச்சிதமாக ஞாபகம் வருகிறது. அப்படி வந்தவள்தான் அடாக்கு. ஒரே அறையில் இரண்டு மனைவிகள். ஊரில் ஆளுக்கொரு குடிசை இருந்திருக்கும், தோட்டம் இருந்திருக்கும். நகரத்தில் அது எதுவும் இல்லை, முறை மட்டும் இருக்கிறது. பெண்ணுக்கு அந்த மரபு கொடுத்த இடமும் நிலமும் போய்விட்டன, அவள் சுமக்க வேண்டியவை அப்படியே இருக்கின்றன. இந்த ஒரே ஓர் அறையைக் காட்டியே காலனி நகரத்தில் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று எமசெட்டா சொல்லிவிடுகிறார். சமூகவியல் பட்டம் படித்தவர், ஆனால் நாவலில் பாடம் எடுப்பதில்லை.

அந்த நாவலில் ஒரு நீதிமன்றக் காட்சி இருக்கிறது. மகள் வேற்று இனத்து யொரூபாப் பையனோடு போய்விட்டாள் என்று நைஃபெ அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டிவிட்டான். நு எகோ கூண்டில் ஏறுகிறாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்று வக்கீல் கேட்கிறார். புருஷன்தான் என்கிறாள். பணம் எங்கிருந்து வருகிறது? விறகு விற்று அவள்தான் கொண்டுவருகிறாள். அப்போ அவர் எப்படிக் கட்டுகிறார்? அவர் குடும்பத் தலைவர், நான் அவருக்குச் சொந்தம், அதனால் நான் கட்டினாலும் அவர் கட்டிய மாதிரிதான் என்று விளக்குகிறாள். கோர்ட்டே சிரிக்கிறது. அவள் புருஷனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அதே வார்த்தைகள் அவனுக்கு எதிராகத் திரும்புகின்றன, அவன் ஜெயிலுக்குப் போகிறான், குடும்பத்தார் அவளைக் குறை சொல்கிறார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். அவள் பேசியது அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை ஓர் எழுத்து மாறாமல் ஒப்பித்ததற்குத்தான் இந்தச் சிரிப்பும் பழியும்.

கடைசியில் ஒரு மகன் அமெரிக்காவில், ஒரு மகன் கனடாவில். நு எகோ ஊரில் ஒருநாள் இரவு சாலையோரத்தில் விழுந்து சாகிறாள், கைபிடிக்க ஒரு பிள்ளையும் பக்கத்தில் இல்லை. பிறகு மகன்கள் வந்து தடபுடலாக ஈமச்சடங்கு நடத்துகிறார்கள், அவள் பேரில் கோயிலும் எழுகிறது. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வரம் கொடுப்பதில்லை. தாய்மையைச் சாமியாக்கும் ஊருக்கு எமசெட்டா தந்த பதில் அது.

இந்தத் தலைப்பு வந்த வழியும் முக்கியம். 1966ல் நைஜீரியாவின் ஃப்ளோரா நுவாபாவின் ‘எஃபுரு’ வெளியானது. ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி உலக அளவில் வெளிவந்த முதல் நாவல்களில் ஒன்று அது. எஃபுரு கெட்டிக்கார வியாபாரி. இரண்டு கல்யாணமும் உடைகிறது, ஒரே குழந்தையும் இறந்துவிடுகிறது. அவள் ஏரித் தெய்வத்தை வழிபடும் பெண்ணாகிறாள். அந்தத் தெய்வத்துக்கும் குழந்தை கிடையாது. தாய்மையின் மகிழ்ச்சியை அறியாத அவளைப் பெண்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது. அந்த வார்த்தைகளையே எடுத்து 13 வருடம் கழித்து எமசெட்டா தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். பிள்ளை இல்லாதவளின் நிறைவை நுவாபா எழுதினார், பிள்ளைகள் பெற்றவளின் வெறுமையை எமசெட்டா எழுதினார். நுவாபாவின் நாவலில் அந்த நிறைவுக்கு வழி செய்வது ஒகுட்டா ஊரின் சொந்தத் தெய்வம். பிள்ளை பெறாவிட்டாலும் ஒரு பெண்ணுக்கு மதிப்பான இடம் அந்தக் கலாச்சாரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. கலாச்சாரம் வேண்டாம் என்கிறார்களா என்று தோழி கேட்டாளே, அவளுக்கு நான் முதலில் கொடுத்திருக்க வேண்டியது எஃபுருவைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

செனகலின் மரியமா பாவையும் இங்கே சேர்க்க வேண்டும். 1979ல் பிரெஞ்சில் வந்த அவருடைய ‘யூன் சி லாங் லெத்ர்’ ஒரே ஒரு நீண்ட கடிதம். ரமத்துலாயே கணவனை இழந்து இத்தாவில், அதாவது விதவை வீட்டோடு இருக்க வேண்டிய துக்கக் காலத்தில் இருக்கிறாள், 4 மாதம் 10 நாள். கணவன் மொது தொழிற்சங்கத் தலைவன், படித்தவன், புது நாட்டைக் கட்டியவர்களில் ஒருவன். மகளின் வகுப்புத் தோழியையே இரண்டாவதாக மணந்து, இவளையும் 12 பிள்ளைகளையும் விட்டுப் போனவன். இஸ்லாமிய முறைப்படி இறந்தவரின் சொத்தையும் கடனையும் எல்லோர் முன்பும் கணக்கெடுக்க வேண்டும். அப்போதுதான் தெரிகிறது, இவளும் சேர்ந்து பணம் போட்ட வீட்டை அடமானம் வைத்து அவன் புது மனைவிக்கு வீடு வாங்கியிருக்கிறான் என்று. ரமத்துலாயே இந்தக் கணக்கெடுப்பு முறையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். செத்துப்போனவனை மறைக்காமல் திறந்து காட்ட வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறதா, சரி, திறந்து காட்டுகிறேன் என்று தன் கல்யாண வாழ்க்கை முழுவதையும் எழுதுகிறாள். கடிதம் என்பது அந்தக் கணக்கெடுப்புதான். தொழுகையை அவள் விடவில்லை, இத்தாவை மீறவில்லை. ஆனால் மொதுவின் அண்ணன் வந்து, இத்தா முடிந்ததும் உன்னை நான் கட்டிக்கொள்கிறேன் என்று அறிவிக்கும்போது, 30 வருடம் அடக்கி வைத்த குரல் வெளியே வருகிறது. நான் கைமாற்றிக்கொள்ளும் பொருள் இல்லை என்கிறாள். அவளுடைய தோழி ஐசத்து இதே நிலைமையில் விவாகரத்து செய்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டவள். இருவரில் யார் செய்தது சரி என்று பா தீர்ப்புச் சொல்லவில்லை. விட்டுப்போனவள் இங்கேயே இருப்பவளுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுக்கிறாள். அந்தக் கார் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுபடி நியாஷாவிடம் வருகிறேன். பாபாமுகுருவின் மகள், சின்ன வயதில் இங்கிலாந்தில் வளர்ந்தவள். ஊர் திரும்பியபோது தாய்மொழியே தடுமாறுகிறது. இரண்டு பக்கமும் சேர முடியாதவள் என்று அவளைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நாவலில் வரும் எல்லோரையும் விட அவளுக்குத்தான் அரசியல் தெரியும். அப்பாவைப் பற்றி அவள் கோபப்படுவது, வெள்ளைக்காரனுக்கு நல்ல பிள்ளையாக இருந்து இருந்தே அந்த அடிமைத்தனத்தை வீட்டுக்குள் அதிகாரமாக மாற்றிக்கொண்டார் என்பதற்காக. சாப்பாட்டு மேஜையில் தட்டில் இருப்பதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு என்று அப்பா கத்துகிறார். சாப்பிடுகிறாள், பிறகு போய் வாந்தி எடுக்கிறாள். உருகிக்கொண்டே படிக்கிறாள். ஓர் இரவு வரலாற்றுப் புத்தகத்தைப் பல்லாலேயே கிழிக்கிறாள், எல்லாம் பொய், இவர்கள் வரலாறு முழுக்கப் பொய் என்று. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனால் வெள்ளைக்கார மருத்துவர், ஆப்பிரிக்கர்களுக்கு இந்த மாதிரி நோய் வராது, நடிக்கிறாள் என்கிறார். நோயாளி ஆகும் உரிமைகூட அவளுக்குக் கிடையாது.

தம்புவின் அம்மா ஒரே வார்த்தையில் காரணம் சொல்கிறாள், இங்கிலீஷ்தனம். அதுதான் எல்லோரையும் கொல்கிறது, நீயும் ஜாக்கிரதை என்று மகளை எச்சரிக்கிறாள். முதலில் படித்தபோது இதுதான் ஆசிரியரின் முடிவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நியாஷாவைத் தட்டைக் காலி செய்ய வைத்ததும், ஒருமுறை பையனோடு வாசலில் பேசிக்கொண்டிருந்ததற்காக அடித்ததும் இங்கிலீஷ்தனமா, ஷோனா தகப்பன்தனமா? இரண்டும் பாபாமுகுரு என்ற ஒரே மனிதருக்குள் கைகோத்து நிற்கின்றன, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து. பெண் பணிவாக இருக்க வேண்டும் என்பதில் விக்டோரியா காலத்துப் பாதிரிக்கும் ஷோனா குடும்பத் தலைவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நியாஷாவால் விழுங்க முடியாமல் போனது அந்தக் கூட்டணியை.

இந்த நாவலை ஜிம்பாப்வேயில் பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. 1988ல் லண்டனில் விமன்ஸ் பிரஸ் வெளியிட்டது. தம்புவின் கதை மூன்று புத்தகமாக நீள்கிறது. 2006ல் ‘தி புக் ஆஃப் நாட்’, 2018ல் ‘திஸ் மோர்னபிள் பாடி’. மூன்றாவது நாவல் 2020 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. அந்த வருடம் ஜூலை கடைசியில் ஹராரே தெருவில் கையில் அட்டையோடு நின்று போராடியதற்காக டங்கரெம்ப்காவைக் கைது செய்தார்கள். 2022ல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2023ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மூன்றாம் புத்தகத்தின் தம்புவைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். படித்தும் வேலை நிலைக்காமல் ஹராரேயில் ஓர் விடுதியில் கிடக்கிறாள். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. வேன் நிறுத்தத்தில், குட்டைப் பாவாடை போட்ட ஒரு பெண்ணை ஆண்கள் சூழ்ந்துகொண்டு துணியைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்தப் பெண் தம்புவின் விடுதித் தோழி. தம்பு காப்பாற்றப் போகவில்லை. கூட்டத்தோடு நின்று கையில் கல்லை எடுக்கிறாள். சோளம் விதைத்து விற்றுத் தன் படிப்புக்குத் தானே பணம் சேர்த்த அந்தச் சின்னப் பெண்ணா இது என்று நாம் திகைத்து நிற்போம். பிறகு ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. ஐரோப்பியப் பயணிகளுக்கு அசல் ஆப்பிரிக்கக் கிராமத்தைக் காட்ட வேண்டும். தம்பு காட்டுவது தன் சொந்தக் கிராமத்தை. ஊர்ப் பெண்கள் மார்பை மறைக்காமல் ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுடைய அம்மாவும் அந்த வரிசையில். அம்மா ஒரு பயணியின் கேமராவைப் பிடுங்கி உடைக்கிறாள்.

என் தோழியின் கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. வேன் நிறுத்தத்தில் ஆண்கள் துணியை இழுப்பது கலாச்சாரத்தைக் காப்பாற்றுவதற்காகவாம். கிராமத்தில் துணியை எடுக்கச் சொல்வதும் கலாச்சாரத்தைக் காட்டுவதற்காகவாம். இரண்டு இடத்திலும் முடிவு எடுத்தது வேறு யாரோ. கேமராவை உடைத்த அந்தக் கிழவிக்குத் தன் கலாச்சாரம் வேண்டாம் என்று யாராவது சொல்ல முடியுமா? அவள் இன்னும் அந்த மண்ணிலேயே விதைத்துச் சாப்பிடுகிறவள்.

படிக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து மூன்றாவதில் தொடங்க வேண்டாம். அது தம்புவையே ‘நீ’ என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டு போகும் கதை, முந்தைய தம்புவைத் தெரியாமல் போனால் வெறும் இருட்டாகத்தான் இருக்கும். ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ முதலில், அப்புறம் எமசெட்டா. நடுவில் ஒரு வார இறுதி கிடைத்தால் மரியமா பா, அது சின்னப் புத்தகம். நுவாபா கிடைப்பது கொஞ்சம் சிரமம், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கானாவின் அமா அட்டா அய்டூவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஒரு பத்தியில் அடங்குகிறவர் இல்லை.